காளியாத்தாள் எடுத்த அட்டை

மடகாஸ்கர் தீவின் பாஷையைக் காது கொடுத்துக் கேட்ட கோழிகள் நாமக்கல் வட்டாரத்திலேயே ஒரே ஒரு கொட்டகையில்தான் இருந்தன. அங்கேதான் சௌந்தர்யா காலை நேரத்தில் அம்மாவோடு சேர்ந்து முட்டை எடுத்துக்கொண்டே பாடம் படித்தாள். தண்ணீருக்கு 'ரானு', அரிசிக்கு 'வாரி', மாட்டுக்கு 'உம்பி' என்று அவள் உரக்கச் சொல்வாள். கோழிகள் கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். கம்பி வலை வழியாக விழும் வெயிலில் தீவனத் தூசி மிதக்கும். அந்தத் தூசிக்குள் அவளுக்குச் செம்மண் மலைகள் தெரியும். திமில் பெருத்த மாடுகள் மெல்ல இறங்கி வரும். அவள் பெயரைச் சரியாகச் சொல்ல வராத பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்காகக் காத்திருப்பார்கள். கையில் முட்டை இருப்பதே மறந்துபோகும்.

"முட்டை, கண்ணு" என்பாள் காளியாத்தாள். அதோடு தீவு கலைந்துவிடும்.

நர்ஸ் படிக்கப் போன இடத்தில் சௌந்தர்யா இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தாள். அதற்கே ஊரார் வாயில் போட்டு மென்றார்கள். இப்போது மிஷனரியாகக் கடல் தாண்டப் போகிறாள். பயிற்சி முடிந்துவிட்டது, ஊசிகள் போட்டாயிற்று, விசாவும் வந்துவிட்டது. பாக்கி இருந்தது அம்மாவின் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு வார்த்தைதான். மிஷன் நேர்காணலில் யாரும் கேட்காமலே இவளாகத்தான் சொல்லியிருந்தாள்: "எங்கம்மா 'போயிட்டு வா'ன்னு சொன்னாத்தான் போவேன்." லாரி ஓட்டப் போன அப்பா விபத்தில் போய்ச் சேர்ந்த வீடு அது. அம்மாவுக்கு இவளை விட்டால் யாருமில்லை. இவள் போகாமல் இருந்துவிட்டால் இவளுக்கு எதுவுமே இல்லை.

காளியாத்தாள் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம் கண்ணு" என்பாள். அந்தப் 'பாக்கலாம்' என்பதைச் சௌந்தர்யா நம்பவில்லை. காரணம், அம்மா எதையும் பூ கேட்காமல் செய்கிறவள் அல்ல. கிணறு வெட்டவும் ஆடு விற்கவும் மாரியம்மன் கோயிலுக்குத்தான் போவாள். வெள்ளை அரளியை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் மடித்து ஆத்தாள் காலடியில் வைப்பாள். ஏதாவது ஒரு குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. சிவப்பு வந்த காரியத்தை அவள் அப்புறம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஆத்தாளிடம் கேட்டுவிடுவாளோ என்று சௌந்தர்யாவுக்கு உள்ளூரப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் வழியனுப்பு ஜெபம் வைத்தார்கள். எந்த அதிசயமோ, காளியாத்தாளும் வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். ஜெபம் முடிந்ததும் போதகர் எவர்சில்வர் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி நீட்டினார். அட்டைக்கொரு வசனம் அச்சடித்திருக்கும். புத்தாண்டுக்கும் பிறந்தநாளுக்கும் கண்ணை மூடி ஒன்றை எடுப்பது சபை வழக்கம். எடுத்த வசனம் ஆண்டவர் தந்த வாக்கு. சௌந்தர்யா கை நீட்டப் போனாள்.

"ஏனுங்க, நான் எடுக்கலாமுங்களா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சபையே திரும்பிப் பார்த்தது. அம்மாவின் மனம் இளகிவிட்டது என்று போதகருக்கு வாயெல்லாம் பல். காளியாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். தட்டின் மேல் கை வெகுநேரம் தயங்கிவிட்டு ஒன்றை எடுத்தது. போதகர் அதை வாங்கிப் படித்தார். நீ போகிற இடமெல்லாம் நானும் கூட வருவேன் என்று ஆண்டவர் சொல்லும் வசனம். அல்லேலூயா சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. சௌந்தர்யா கால் தரையில் பாவாமல் மிதந்தாள். காளியாத்தாள் மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகம் செத்துப்போயிருந்தது.

பஸ் நிறுத்தத்தில் ஆளில்லை. தூரத்தில் மலைக்கோட்டை கானல் நீரில் அசைந்துகொண்டிருந்தது.

"ஏம்மா ஒரு மாதிரி இருக்கறீங்க?"

காளியாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. அட்டையின் ஓரத்தை விரலால் தடவிக் காட்டினாள். ஓரம் முழுக்கச் சிவப்புக் கரை.

"உன்ற சாமி கூப்புடுதுன்னா, உன்ற சாமிகிட்டத்தானே கேக்கோணும்? நம்ம ஆத்தாள எதுக்கு நடுவுல இழுக்கறது? வெள்ள வந்தா அனுப்பறேன், செவப்பு வந்தா அனுப்பலைன்னு கேட்டேன். செவப்பு வந்துருச்சு கண்ணு."

அது அச்சகத்துக்காரன் அழகுக்காக அட்டைக்கு அட்டை மாற்றிப் போட்ட நிறம் என்று சௌந்தர்யாவால் ஒரே வார்த்தையில் சொல்லியிருக்க முடியும். ஆனால் தானும் புத்தாண்டில் எடுத்த ஒரு அட்டையை நம்பித்தானே இத்தனை தூரம் வந்தாள்! அம்மா பொய்யாகக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து இந்த அம்மா தன் ஆண்டவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அதைத் தட்டிவிட்டு யாரிடம் போய் எதைச் சொல்வது?

"அப்ப நான் போவலைங்கம்மா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். மலைகளும் மாடுகளும் பிள்ளைகளும் ஒவ்வொன்றாகப் பின்வாங்கிப் போவதை உட்கார்ந்து பார்த்தாள்.

காளியாத்தாள் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைக்காகத்தான் ஒரு வருசமாக ஏங்கிக் கிடந்தாள். இப்போது அது வந்துவிட்டது, அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கண்ணு, உங்க சபை அய்யரு அதுல என்ன எழுதியிருக்குதுன்னு சொன்னாரு?"

"எங்க போனாலும் கூடவே வருவேன்னு."

"அதான பாத்தேன். நம்ம ஆத்தாளுக்கு எழுத்து வராது, பூவக் குடுக்கறா. உன்ற சாமி படிச்ச சாமி. வெவரமா எழுதியே குடுத்துருச்சு. நாந்தான் மடச்சியாட்டம் நெறத்தப் பாத்துட்டு நிக்கறேன்." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "போயிட்டு வா."

கேட்டதும் துள்ளிக் குதிப்போம் என்று சௌந்தர்யா நினைத்திருந்தாள். அம்மாவின் மடியில் முகம் புதைத்துச் சின்னப் பிள்ளையாகக் கேவிக் கேவி அழுதாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். ரெண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.