ஆணியில் தொங்கிய அரிவாள்பெட்டி

நான் கம்பி அறுக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பத்திரண்டில் எங்கள் ஊர்ப் பக்கம் அறுபட்ட தந்திக்கம்பி கொஞ்சம்தான். வெள்ளைக்காரன் போனபிறகு, அறுத்தது நான்தான் என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு வந்தவர்களையெல்லாம் நம்பினால் மதராஸ் வரைக்கும் உள்ள கம்பி போதாது. எனக்கும் தியாகிப் பட்டம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் வந்தான். வாசலோடு அனுப்பிவிட்டேன். வாங்கித் தருகிறேன் என்கிறவன் எவனையும் நான் நம்புகிறதில்லை.

நம்பிய ஆட்கள் இரண்டு பேர். பெரியப்பா வன்னியபெருமாள், பெரியம்மா வடிவம்மாள்.

பெரியப்பா இளவயதில் எங்கள் உடன்குடிப் பக்கம் பனை ஏறியவர். அப்புறம் தூத்துக்குடிக்கு வந்து, பக்கத்துப் புதுக்கோட்டைக்குப் போகிற ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் கருப்பட்டிக் கடை போட்டார். முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் கிணறும் ஒற்றைப் பனையும். பேசமாட்டார். "அண்ணாச்சி, சரக்கு எப்படி?" என்று கேட்டால் ஒரு துண்டை உடைத்துக் கேட்டவன் கையில் வைப்பார். அதுதான் பதில். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று துறைமுகத்து ஆட்களெல்லாம் சட்டிபானையோடு ஓடிய நேரத்தில், "நீங்க போகலியா அண்ணாச்சி?" என்று கேட்டவனுக்கும் ஒரு துண்டுதான் கொடுத்தார். பிள்ளை இல்லை. பெரியம்மா அவரை ஒரு வார்த்தை மரியாதை குறைத்துப் பேசி எவனும் கேட்டது கிடையாது.

தந்திக்கம்பத்தில் ஏறிக் கம்பியை அறுத்தவன் பனையேறியாகத்தான் இருக்கவேண்டும் என்று போலீஸ்காரனுக்கு எவனோ ஓதிவிட்டான். அவ்வளவுதான். லாரியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மேல்துண்டை உருவி நெஞ்சைப் பார்ப்பார்கள். மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறுகிறவனுக்கு நெஞ்சில் காய்ப்பு இருக்கும், கணுக்காலில், ஏறும்போது மாட்டுகிற தளைநார் அறுத்த தழும்பு இருக்கும். இருந்தால் லாரியில் ஏறு. எங்கள் தெரு சத்தியராஜ் அப்படிப் போனவன்தான். திரும்பி வந்தபோது இரண்டு கை விரல்களும் மடங்கவில்லை. அவன் அம்மை சோற்றை உருட்டி ஊட்டுவதைப் பார்த்தேன். நானும் பனையேறிதான். அன்றைக்குப் பிடித்த பயம்.

மறுநாள் கருப்பட்டி வண்டியில் ஓலையில் கட்டிய சிப்பங்களுக்கு நடுவே என்னைப் படுக்கவைத்துத் தூத்துக்குடிக்கு அனுப்பினாள் என் அம்மை. வரும்போது இடுப்பில் கட்டுகிற என் அரிவாள்பெட்டியையும் தளைநாரையும் எடுத்துக்கொண்டேன். தலைக்கு ஆபத்து என்று ஓடுகிறவன் அதை ஏன் சுமந்தான் என்று கேட்கலாம். இடுப்பு வேட்டியை விட்டுவிட்டா ஓடுவான் ஒருவன்?

பெரியப்பா என்னைப் பார்த்தார். என் கணுக்காலைப் பார்த்தார்.

"பரண்ல ஏறு," என்றார்.

அடுப்புக்கு மேலே இருந்த பரண் அது. ஈரக்காற்றில் கருப்பட்டி கசிந்துவிடாமல் இருக்கப் புகை படும்படி அங்கேதான் அடுக்கிவைப்பார்கள். சிப்பங்களுக்குப் பின்னால் ஒரு ஆள் நீளத்துக்கு இடம் இருந்தது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பொத்தல். கண்ணை வைத்தால் கிணறும் பனையும் தெரியும். ஏணியில் ஏறுமுன் பெட்டியைக் கீழே வைத்தேன். தரையில் கிடப்பது பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சோறு போடுகிற சாமான் இல்லையா. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுக்களை நிலைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். தளைநாரையும் அதன்மேலேயே மாட்டினாள். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெரியப்பாவும் பார்த்தார். மூன்று பேர் கண்ணுக்கும் அது சுவரில் இருக்கவேண்டிய பொருளாகத்தான் பட்டது.

பரணில் கிடந்த நாட்களை எண்ணவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் சிப்பங்களுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கிக்கொள்வேன். கடையில் மூட்டையைத் தொப்பென்று போட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வேன். பெரியம்மா சோற்றை ஏணி வழியாக நீட்டும்போதுகூட அவள் கைதானா என்று வளையலைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.

ஒருநாள் உச்சிப்பொழுதுக்கு முன்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும். கடை வழியாக நேரே வீட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

"உடன்குடிப் பக்கத்துலேர்ந்து ஆள் எவனாவது வந்தானா வேய்?" என்றார் ஏட்டு.

"கருப்பட்டி வந்துச்சு," என்றார் பெரியப்பா.

"ஆளைக் கேக்கேன்."

கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா விறகை வெளியே இழுத்துப் புகையைக் குறைத்தாள். எனக்காகச் செய்கிறாள் என்று தெரிந்தது. இருமல் தொண்டைவரை வந்து நின்றது. துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

ஏட்டின் நடை நின்றது. அடுக்களை நிலைக்குப் பக்கத்தில்.

"இது யாரு பெட்டி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியம்மா கையிலிருந்த அகப்பை சட்டியில் இடித்தது.

"என்னோடது," என்றார் பெரியப்பா.

அரிவாளை உருவுகிற சத்தம். "பாளை சீவுற அருவா. நான் நாசரேத்துக்காரன் வேய், எனக்குக் கதை சொல்லாதியும். பதனி காலம் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு? இதைத் தீட்டுன தீட்டுக்கு மயிரு நிக்காது. கருப்பட்டி விக்க இதா வேணும்?"

"சிப்பம் அறுக்க."

"தளைநாரு? அதுவும் சிப்பம் அறுக்கவா?"

போலீஸ்காரன் ஒருத்தன் சிரித்தான். பெரியப்பா பின்வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"பின்னால பனை நிக்கி. ஓலை வெட்ட."

"யாரு ஏறுவா?"

"நான்."

"ஒம்ம வயசு என்ன?"

சட்டையைக் கழற்றச் சொன்னார் ஏட்டு. நெஞ்சுக் காய்ப்பு பழசாகி வெளுத்துப்போயிருந்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு, "ஏறினவருதான். இப்போ ஏறுதீரான்னு பாப்போம். வாரும்," என்றார்.

பெரியப்பா ஏற முடியாமல் நின்றால் பெட்டி வேறொருத்தனுடையது என்று ஆகிவிடும், பரணைக் குடைவார்கள். விறுவிறுவென்று ஏறிவிட்டாலோ கம்பம் ஏறியவர் அவர்தான் என்று அவரையே லாரியில் ஏற்றுவார்கள். எப்படிப் பார்த்தாலும் எங்களில் ஒருத்தன் சத்தியராஜாகத் திரும்பவேண்டும். இறங்கிப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. இறங்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

பொத்தலில் கண்ணை வைத்தேன். பெரியப்பா வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டினார். பெட்டியை இடுப்பில் கட்டினார். தளைநாரைக் காலில் மாட்டக் குனிந்தவருக்கு மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டு இசக்கியம்மாளும் ரோட்டில் போன நாலு பேரும் வேலிக்கு வெளியே வந்து நின்றுவிட்டார்கள். பெரியம்மா கிணற்றுத் தொடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் மரத்தைக் கட்டினார். ஏறினார். முதல் எட்டிலேயே தெரிந்துவிட்டது. மறக்கவில்லை அவருக்கு. கை எடுத்துவைக்கிற இடம், கால் இழுக்கிற விதம் எல்லாம் அப்படியே இருந்தது. ஏட்டு தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. செத்தோம் என்று நினைத்தேன்.

பாதி மரம் தாண்டவில்லை. பெரியப்பாவின் கால் வெடவெடவென்று ஆடியது. தளைநார் மரத்தில் சரசரத்துச் சறுக்க, ஒரு முழம் கீழே வந்து நெஞ்சோடு மரத்தைக் கட்டிக்கொண்டார். அப்புறம் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நெஞ்சிலிருந்து ரத்தம் மரத்தில் இறங்கியது.

"எறங்கும் வேய்," என்றார் ஏட்டு.

"முடியல," என்றார் பெரியப்பா.

ஏட்டுக்குச் சந்தேகம் தீரவில்லை. "நடிக்காரா?" என்று பெரியம்மாவைப் பார்த்துத் திரும்பினார்.

பெரியம்மா கிணற்றுத் தொடியை விட்டாள். மரத்தடிக்குப் போனாள். இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏ மனுசா," என்று தொடங்கினாள். "ஒனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? போன வாரமும் இப்படித்தான ஓலை வெட்டுதேன்னு ஏறிக் கொரங்கு மாதிரித் தொங்குன? தீட்டித் தீட்டி வெச்சா மட்டும் வயசு திரும்புமா? கருப்பட்டியை நிறுத்துக்கிட்டு கெடக்காம, கெழட்டுக்குப் பனை கேக்குதா பனை? விழுந்து இடுப்பை ஒடிச்சேன்னா எவன் அள்ளுவான், நானா?"

வேலிக்கு வெளியே சிரிப்பு கிளம்பியது. "வடிவு மயினிக்கு இம்புட்டு வாயா?" என்றாள் இசக்கியம்மாள்.

"இந்தக் கெழடு பேசாம இருக்கதைப் பாத்துட்டு நல்ல மனுசன்னு நெனைக்கியளா? பூராவும் வீம்பு."

போலீஸ்காரர் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் ஏட்டும் சிரித்துவிட்டார்.

"இவரா கம்பத்துல ஏறுவாரு? ஏணி வெச்சு எறக்கும்மா," என்று சொல்லிவிட்டுக் கடை வழியாகப் போனார்கள். போகிற போக்கில் ஆளுக்கு ஒரு சிப்பம் எடுத்துக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது.

வேலிக்கு வெளியே நின்ற கூட்டமும் கலைந்தது. பெரியம்மா ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "போயாச்சு. எறங்குங்க," என்றாள் மெதுவாக.

பெரியப்பா அணில் இறங்குவதுபோல இறங்கினார்.

வீட்டுக்குள் வந்து, நான் கிடந்த பரணுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். அப்போதுதான் நடுக்கம் வந்தது அவருக்கு. செம்பைக் கொடுத்தால் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் எல்லாம் மடியில் சிந்தியது. பெரியம்மா செம்பை வாங்கி அவர் வாயில் வைத்துக் கொடுத்தாள். இன்னொரு கையால் நெஞ்சுக் காயத்தில் மஞ்சளை அப்பினாள்.

"நாந்தான அதை அங்கன மாட்டுனேன்," என்றாள். கொஞ்சம் கழித்து, "ஊரு பாக்க மனுசான்னு கூப்ட்டுட்டேன். கொரங்குன்னுட்டேன்."

பெரியப்பா தண்ணீரை விழுங்கினார்.

"கெழடுன்னும் சொன்ன," என்றார்.

பெரியம்மா சேலையை வாயில் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மேலிருந்து எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே போய், அந்த ஆணியைப் பிடுங்கி அடுப்புச் சாம்பலில் போட்டார். அரிவாள்பெட்டி நான் ஊர் திரும்புகிற வரைக்கும் கருப்பட்டிக்கு அடியில் கிடந்தது.

அதற்குப் பிறகு, வெளியாள் இல்லாத நேரத்தில், பெரியம்மா அவரை மனுசா என்றுதான் கூப்பிட்டாள். அவர் உடனே திரும்பிப் பார்ப்பார்.

பெரியம்மா செத்துப்போன பிறகு ஒருநாள் கடையில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். மரத்தில் கால் ஆடியது நிசமா, வேண்டுமென்று ஆட்டினாரா என்று கேட்டேன். நானும் ஆயுசுக்கும் பனை ஏறியவன். எத்தனையோ தடவை அந்தக் காலை நினைத்துப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்தார். ஒரு துண்டு உடைத்து என் கையில் வைத்தார்.

தின்றேன். வேறென்ன செய்ய.