நான் வெட்டிய ஒரு வரி

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு என்னுடையது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு எரிச்சல் வரும்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்களில் குன்னூரிலிருந்து ஒரு செய்திமடல் நடத்திவந்தேன். சட்டத்தையும் சமூகத்தையும் சேர்த்து ஆராய்கிறவர்களுக்கானது. நாலு பக்கம், நூற்றிருபது பிரதி. எங்கே கருத்தரங்கு, யார் உதவித்தொகை தருகிறார்கள், எந்தக் கல்லூரியில் இடம் காலி, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று போடுவேன். நாலாம் பக்கத்தில் மட்டும் யாராவது ஒரு ஆய்வாளரின் களக்குறிப்பு வரும்.

கதையை முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

"மலைமுகட்டிலிருந்து பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு"

வேண்டாம். நீலகிரியில் பனி இறங்கத்தான் செய்யும். நடந்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2

சுமலதா கோயமுத்தூர்க்காரி. முனைவர் பட்டத்துக்காகத் தோட்டம் தோட்டமாக அலைந்துகொண்டிருந்தாள். ஒரு தோட்டத்தில், விலை விழுந்ததும் நிர்வாகம் மேல்காட்டுத் தேயிலையைக் கைகழுவிவிட்டது. கவாத்து இல்லை, உரம் இல்லை, காவலும் இல்லை. தொழிலாளிகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மற்ற நாட்களில், தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அந்தக் காட்டில் ஏறிக் கொழுந்து கிள்ளி வெளியே விற்றார்கள். இது திருட்டா, உரிமையா? இதுதான் சுமலதாவின் ஆராய்ச்சி.

சிலோனிலிருந்து திரும்பிய குடும்பத்து அம்மா ஒருவர் அவளிடம் ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். சுமலதா அதை எழுதும்போது அவர் பெயரை மறைத்து, 'தபித்தாள்' என்று வைத்தாள். அபூர்வமான பெயர், அந்தப் பக்கம் யாருக்கும் இருக்காது என்று நினைத்தாள்.

(ஆய்வாளர்களே, அபூர்வமான பெயர் வைக்காதீர்கள். லட்சுமி என்று வைத்தால் சந்தேகம் பத்துப் பேர்மேல் போகும்.)

அதே தோட்டத்தில், அதே லயத்தில், நிஜமாகவே ஒரு தபித்தாள் இருந்தார். முன்பு ஒரு நாள் அங்கே போயிருந்தபோது யாரோ அவரைக் கூப்பிட்டது சுமலதாவின் காதில் விழுந்து மனதில் தங்கியிருக்க வேண்டும். பாவம், தானே யோசித்துப் பிடித்த பெயர் என்று அவள் நம்பிவிட்டாள்.

3

அவள்மேல் பழி போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை, இதோ என் பங்கு.

குறிப்பின் கடைசியில் சுமலதா முறையாக எழுதியிருந்தாள்: 'பெயர் மாற்றப்பட்டுள்ளது.'

அச்சகத்தில் செந்தில்நாதன் தலையைச் சொறிந்தார். "ஏனுங்க சார், ஒரே ஒரு வரி உள்ளார அடங்க மாட்டேங்குதுங்க. கீழ இருக்கற உதவித்தொகை கடைசி நாள் சமாச்சாரத்த எடுத்துறட்டுங்களா?"

"ஐயையோ, அதை மட்டும் தொட்டுடாதீங்க! கடைசி நாள் இல்லாம செய்திமடல் எதுக்கு? இதை எடுத்துடுங்க."

நான் விரல் வைத்துக் காட்டியது அந்த வரியைத்தான். மாற்றிய பெயர் என்று யாருக்குத்தான் தெரியாது என்று நினைத்தேன். அந்த உதவித்தொகைக்கு நம் நூற்றிருபது பேரில் ஒருத்தர்கூட விண்ணப்பிக்கவில்லை என்பது தனிக் கொடுமை.

4

நூற்றிருபதில் ஒரு பிரதி, அந்தத் தோட்டத்துக்கு வழக்காடும் வக்கீலுக்குப் போனது. சட்டமும் சமூகமும் என்றால் அவருக்கு முதல் பாதியில்தான் அக்கறை. இரண்டு வாரத்தில் நிஜத் தபித்தாளுக்குத் தோட்ட நிர்வாகம் கொழுந்து திருட்டு என்று சார்ஜ் ஷீட் அனுப்பிவிட்டது.

சுமலதா மூச்சு வாங்க என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "சார், ஒண்ணுமே பேசாத அந்தம்மாவுக்கு என்கொயரிங்க. வேல போச்சுன்னா லயத்து ஊடும் போயிருங்க. நாம போயிப் பேர மாத்துனதுன்னு சொல்லிப்போடலாங்க சார்."

"சொன்னா, அப்ப யாரு சொன்னதுன்னு கேப்பானே?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். தபித்தாளைக் காப்பாற்றினால் இன்னொருத்தர் மாட்டுவார். பெயர் மாற்றப்பட்டது என்று ஒரு திருத்தக் கடிதம் எழுதினேன்; கொடுக்கத்தான் துணியவில்லை.

(இங்கே சட்டத்தின் மௌனம் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. தூக்கிவிட்டேன்.)

5

விசாரணை நாள். திருத்தக் கடிதம் என் பையில். தோட்டத்து ஆபீஸ் வாசல் பெஞ்சில் நானும் சுமலதாவும் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் திறந்திருந்தது.

தபித்தாள் வந்தார். விசாரணைக்கு வருகிறவர் துணைக்கு ஒரு தொழிலாளியை அழைத்துவரலாம். கூடவே ஒரு அம்மா வந்தார். சுமலதா என் கையைப் பிடித்து நெரித்தாள்.

"சார், அவங்கதானுங்க."

"யாரு?"

"எங்கிட்டப் பேசுனவங்க!"

உள்ளே விசாரணை அதிகாரியாக உட்கார்ந்திருந்த அதே வக்கீல் செய்திமடலை வாசித்தார். "பிப்ரவரி ஒன்பது, மதியம், தபித்தாள் வீட்டுல வச்சுன்னு போட்டிருக்கு. பேசுனீங்களா?"

"நான் பேசலீங்க ஐயா. வெளிய குந்தியிருக்கே, அந்தப் புள்ள மொகத்தையே இன்னைக்குத்தான் பாக்கிறேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

துணைக்கு வந்த அம்மா எழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயா, தேதிய இன்னொருக்காப் படிங்க."

"பிப்ரவரி ஒன்பது."

"அன்னைக்கு இவ லயத்துலயே இல்லீங்களே! மக பேறுகாலத்துக்குக் கட்டபெட்டு போயிட்டா. வீடு பூட்டிக் கெடந்திச்சு. நம்ம தொரைதான் லீவுக்குக் கையெழுத்துப் போட்டாரு. புஸ்தகத்த எடுத்துப் பாருங்க."

புத்தகம் வந்தது. மூன்று நாள் லீவு; துரையின், அதாவது தோட்ட மேனேஜரின், கையெழுத்து சுத்தமாக இருந்தது. அதிகாரி இரண்டு முறை பார்த்தார். பிறகு, குற்றம் நிரூபணமாகவில்லை என்று சொல்லி ஃபைலை மூடினார்.

அந்தத் தேதி உனக்கு எப்படியம்மா இவ்வளவு கச்சிதமாக ஞாபகம் என்று அவர் கேட்கவில்லை. வாழ்க்கையில் ஒரு வக்கீலைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

6

கேட்டிருந்தால்?

முடிவு அ: அந்த அம்மா, "அன்னைக்கு இந்தப் புள்ள எங்க வீட்டுலதான்" என்று

எழுத மனம் வரவில்லை.

முடிவு ஆ: நான் வீரமாக உள்ளே நுழைந்து, குற்றவாளி நானே என்று முழங்குகிறேன். சிரிக்காதீர்கள். பெஞ்சில் நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சுமலதா பார்த்திருக்கிறாள்.

பெயரை மாற்றியிருப்பார்கள் என்று நிர்வாகத்துக்குத் தோன்றாதா என்று கேட்பீர்கள். தோன்றியிருக்கும். ஆனால் சார்ஜ் ஷீட்டில் இருந்தது ஒரே பெயர். புதிதாக ஆரம்பிக்க, விலை விழுந்த அந்த வருடத்தில் அங்கே யாருக்கும் தெம்பில்லை. அப்பாடா.

7

வெளியே வந்த தபித்தாள் நேராக என்னிடம் வந்தார். வெட்டிய வரியைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுல போட்டதெல்லாம் சரிதாங்க. ஆனா எங்கிட்டக் கேட்டிருந்தா இன்னும் நல்லாச் சொல்லியிருப்பேனே! ஓடக்கரைக் கொழுந்த விட்டுப்புட்டீங்க. அதுதான் நல்ல கொழுந்து!"

"அடியே, சும்மா வாடி," என்று துணைக்கு வந்த அம்மா அவர் இடுப்பில் கிள்ளினார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுமலதா அழுதாள். கடிதத்தைக் கிழித்துப் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

இத்தனை வருடம் கழித்து, இதை எழுதுவதற்கு முன் இருவரையும் தேடிப்போய் அனுமதி கேட்டேன்.

"என் பேரையே போடுங்க. இந்தத் தடவ நான் பேசினதுதானே," என்றார் தபித்தாள்.

மற்றவரிடம், என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டேன். நான்கைந்து பெயர்கள் எழுதிய தாளை வாசித்தும் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாங்கையா. எந்தப் பேரை வச்சாலும் அந்தப் பேருக்காரி எங்கயாச்சும் இருப்பா."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆகவே கதை முழுக்க அவர் பெயரில்லாமலேயே நடமாடுகிறார். வாசிக்கும்போது நீங்களாக ஒரு பெயர் வைத்திருந்தால் உங்களோடு இருக்கட்டும், எனக்கும் சொல்லவேண்டாம். அடுத்து வரும் வரிக்கு மட்டும், கதையின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே இடம் ஒதுக்கி வைத்துவிட்டேன்.

ஒன்றைத் தவிர, பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.