உடனே தலையாட்டிய கம்ப்யூட்டர்

காயத்ரி தன் வாழ்நாளில் எழுதிய முதல் பில் புரோகிராமை, ஒரே வாரத்தில் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் அவளுடைய மாமா வீரபாகு. அவருடைய பட்டுக்கடைக்காகவே பார்த்துப் பார்த்து எழுதியது அது.

"எந்த இடத்துல தப்பு வருது மாமா?" என்று கேட்டு எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்தாள். பைசா பிசகவில்லை.

"தப்பே வரலை, அதாம்மா வம்பு. ஒரு அம்மா இருநூறு குறைன்னாங்க. நான் அதைத் தட்டி முடிக்கிறதுக்குள்ள இந்தக் கம்ப்யூட்டர் சரின்னுடுச்சு. இன்னும் கேட்டிருக்கலாமோன்னு மூஞ்சி சுருங்கி எழுந்து போயிட்டாங்க. கேட்டவுடனே தலையாட்டுற ஆளைக் கல்லாவுல வெச்சிக்கினு நான் எப்பிடி வியாபாரம் பண்றது?"

புரோகிராம் வேகமாய் ஓட அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஆனாலும் உட்கார்ந்து, விலையைக் குறைத்தால் மட்டும் அது கொஞ்ச நேரம் தயங்கும்படி இரண்டு வரி சேர்த்தாள்.

மறுநாள் முகூர்த்தப் புடவை எடுக்க வந்த அம்மாள் ஐந்நூறு குறைக்கச் சொன்னார். வீரபாகு தட்டினார். திரையில் மணல்கடிகாரம் வந்து நின்றது.

"யோசிக்குதும்மா. என்னைவிடக் கறாரு இது," என்றார் பரிதாபமாக.

"ஒத்துக்கப்பா, பொண்ணு கல்யாணம்," என்று அம்மாள் கம்ப்யூட்டரையே கெஞ்சினார்.

கடிகாரம் மறைந்தது, பில் வந்தது. ஜெயித்த முகத்தோடு அம்மாள் புடவையை அணைத்துக்கொண்டார். அந்த இரண்டு வரியை எழுதிய காயத்ரியே, அது ஒத்துக்கொள்ளுமோ என்று அதுவரை பக்கத்தில் நின்று திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதாம்மா இது நம்ம கடை ஆளு," என்று மானிட்டரின் முதுகைத் தட்டிக்கொடுத்தார் மாமா.