பச்சைக் கூலன்ட்

பீரோவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான் லோகு. ஒட்டடை. ஒரு பழைய சாவி. பாதி எரிந்த கொசுவத்தி. பை மட்டும் இல்லை.

வாசலில் மேளம் சக்கைப்போடு போட்டது. ஐஸ் பெட்டிக்குள் நைனா படுத்திருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளியே எடுத்துக் குளிப்பாட்ட வேண்டும். அதற்குள் அந்தப் பை கிடைத்தாக வேண்டும்.

"இன்னா தேடுற லோகு?"

திடுக்கிட்டு எழுந்தான். அண்ணி ஏஞ்சலின், கையில் டீ கேனோடு நின்றாள்.

"ஆஸ்பத்திரில ஒரு கவர் குடுத்தாங்களே அண்ணி... நைனா சட்டை, துண்டுலாம் போட்டு. அது எங்க?"

"எதுக்கு?"

"துவைச்சுப் போட்லாம்னு."

ஏஞ்சலின் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உன் கர்ச்சீப்பையே நான்தான் துவைக்கிறேன். இன்னிக்குத் துண்டு துவைக்கப் போறியாக்கும்?"

"சொல்லு அண்ணி."

"உங்க அண்ணன் எடுத்து பீரோவுல வச்சிக்கிறாரு. சாவி அவரு இடுப்புல." போகிற போக்கில் திரும்பினாள். "நேத்துலேர்ந்து ஒண்ணுமே துண்ணல நீ. இந்த டீயயாவது குடி."

டீயை அப்படியே தரையில் வைத்தான். பீரோவையே வெறித்துப் பார்த்தான். அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கிறது. அதன் முனையில் ஒரு கறை இருக்கிறது. அது எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஐஸ் பெட்டியில்.

அந்த வீட்டை எளாவூர் பக்கம் 'கம்பெனி ஊடு' என்றுதான் சொல்வார்கள். நைனா ஆதிகேசவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் லோடுமேனாக இருந்து ஓய்ந்தவர். வெறுங்கையோடு வீடு திரும்பிய நாளே அவர் சர்வீசில் கிடையாது. வாசல் கேட்டுக்கு அடித்திருப்பது மெஷினுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ட். அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்குவது வெல்டர்களின் தோல் கையுறையில். தண்ணீர் பிடிக்கும் டிரம்மில் இன்னும் கெமிக்கல் கம்பெனியின் மண்டையோட்டுப் படம் அழியவில்லை. திருட்டு என்று யாரும் சொல்லிவிட முடியாது. மீந்ததைத்தான் எடுப்பார், அதையும் வாட்ச்மேனிடம் காட்டிவிட்டுத்தான். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஆதிகேசவன் வீட்டில் கொஞ்சம் தூக்கல்.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை, பெரியவன் அன்புவின் கார். அன்பு ராத்திரியெல்லாம் வாடகைக்கு ஓட்டிவிட்டு விடிந்ததும் கட்டையைச் சாய்ப்பான். நைனா வாளியும் தேங்காய் நாருமாக இறங்குவார். காரைக் கழுவுவது என்று சொல்ல மாட்டார். "வண்டியக் குளிப்பாட்டிட்டு வரேன்" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து பார்த்த நைனா, வேறொரு கம்பெனியில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் லோகுவைக் கூப்பிட்டார்.

"கூலன்ட் கொறைஞ்சிக்கிதுடா. உங்க ஜெனரேட்டர் ரூம்ல இது இல்லியா?"

"இருக்கு நைனா. ஆனா அது பச்சை. இதுல இருக்கிறது ரோஸ். மெக்கானிக் குணா நம்ம அண்ணன்கிட்ட சொன்னானே, ரோஸ்தான் ஊத்தணும், நானே வாங்கியாறேன்னு."

"மெக்கானிக்கு அப்பிடித்தான்டா சொல்லுவான். பச்சையா இருந்தா இன்னா, ரோஸா இருந்தா இன்னா? எல்லாம் எஞ்சினைக் குளிர வைக்கிறதுதான? உங்க ஜெனரேட்டரு எவ்ளோ பெருசு! அதுக்கே ஒத்துக்குதுன்னா இந்தப் பொம்மை வண்டிக்கு ஒத்துக்காதா?"

லோகுவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் அரை கேன் கொண்டுவந்தான். அவன் புனலைப் பிடிக்க, நைனா ஊற்றினார். நேற்றுக் காலை மறுபடியும் குறைந்திருந்தது. மறுபடியும் ஊற்றினார். கையில் வழிந்த பச்சையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டு, "அன்புகிட்ட சொல்லாத. தூங்கி எழுந்தா தானா ஃபுல்லா இருக்கட்டும். யாரு ஊத்துனதுன்னு பேஜாராவட்டும்" என்று சிரித்தார்.

மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அன்பு பனியனோடு ஓடிவந்து வண்டியை எடுத்தான். பின் சீட்டில் நைனாவின் தலை லோகுவின் மடியில். நெடுஞ்சாலையில் ஏறியதும் சூட்டு முள் மேலே போனது. கவரப்பேட்டையை நெருங்கும்போது சிவப்பைத் தொட்டது. அன்பு பார்த்தான், பார்த்தும் மிதித்தான். பாலத்தில் ஏறும்போது முன்னால் புகை மூடியது. வண்டி நின்றுவிட்டது. வெள்ளரிக்காய் ஏற்றி வந்த லோடு வண்டியை மறித்து அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்தார்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்."

அந்த ஒரு வரி நேற்றிலிருந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. வருகிற ஒவ்வொருவரிடமும் அன்பு அதைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அதோடு ஒரு பெயரையும் சேர்த்தான்.

"குணா. அந்த நாதாரி இன்னாத்தையோ ஊத்தி வச்சிக்கிறான். வரட்டும், மவனே இன்னிக்கு இருக்கு அவனுக்கு."

லோகு வாசலுக்கு வந்தான். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பந்தல் காலைப் பிடித்தான், விட்டான். கயிறு கட்டி இழுத்து வந்த கார் தெருக்குழாய் ஓரமாக நின்றது. பானெட் பாதி திறந்தபடி.

தெருமுனையில் குணா வந்துகொண்டிருந்தான், ரோஜா மாலையோடு.

லோகு பாய்ந்து போனான். அதற்குள் குணா காரண்டை நின்றுவிட்டான். பானெட் திறந்த வண்டியைக் கண்டால் அவனுக்குக் கால் நகராது. மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, கூலன்ட் தொட்டி மூடியைத் திருகி, விரலை விட்டு எடுத்தான். விரலோடு வந்தது செம்மண் நிறத்தில் கூழ்.

"இன்னாடா இது?" குணா விரலையே பார்த்தான். "ரோஸ்ல பச்சை விழுந்துக்கிது. ரெண்டும் சேந்து தயிராட்டம் உறைஞ்சி உள்ள அடைச்சிக்கினுது. அடைச்சா எப்பிடித் தண்ணி ஓடும்? நான் இன்னும் டப்பாவே வாங்கலியேடா. யாரு ஊத்துனது?"

"அந்தாண்ட போ குணா. அண்ணன் பாத்தா அடிச்சிரும்."

"என்னியா? எதுக்கு?"

"நீதான் ஊத்துனன்னு நெனச்சிக்கினுக்குது."

குணா நிமிர்ந்தான். சிப்காட்டுக்கு ஓடுகிற வாடகை வண்டிகளில் பாதி அவன் மெக்கானிக் செட்டுக்குத்தான் வரும். ஒரு சாவு வீட்டில் ஒருவன் பெயர் கெட்டால் பொழுது சாய்வதற்குள் எல்லா டிரைவருக்கும் தெரிந்துவிடும்.

"அப்போ நீ சொல்லுடா. உனக்குத் தெரியும். உன் மூஞ்சே சொல்லுது."

லோகு பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தான். என்ன சொல்வது? நைனா ஊற்றினார் என்றா? கெழம் தன் கையாலேயே தனக்குக் கொள்ளி வச்சிக்கினுது என்று ஊர் சிரிக்கவா? ஐஸ் பெட்டிக்குள் கிடப்பவர் எழுந்து வந்து ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியுமா?

"டேய்!"

அன்பு வந்துவிட்டான். வந்த வேகத்தில் குணாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். மாலை அறுந்து தரையில் கொட்டியது. மேளம் நின்றது.

"சாவடிச்சிட்டு மாலையோட வரியா நீ?"

"அன்பண்ணா, கைய எடு. சத்தியமா நான் ஊத்தல. உள்ள பாரு, பச்சை கலந்துக்கிது. என் செட்ல பச்சையே கெடையாது."

"பின்ன எவன் ஊத்துனான்? பேயா?"

குணா லோகுவைப் பார்த்தான். பார்க்க மட்டும் செய்தான்.

அன்புவின் கை ஓங்கியது.

"நான்தாண்ணா."

லோகுவின் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "கம்பெனிலேர்ந்து கொண்டாந்தேன். நான்தான் ஊத்துனேன். குணா இல்ல."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பந்தலுக்குள்ளிருந்த தலைகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின.

"நைனாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அன்பு அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது லோகுவுக்கு. குணாவின் சட்டையை விட்டான். கசங்கிய காலரை நீவிக்கூட விட்டான். பிறகு தம்பியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்:

"நீ தோள் குடுக்காத."

அந்தத் தெருவில் பெற்றவர் பாடையைத் தெருமுனை வரைக்கும் பிள்ளைகள்தான் முன்னால் தூக்குவார்கள். அதற்கப்புறம்தான் பெரியவன் கையில் கொள்ளிச் சட்டி. அந்த முன் கழியில்தான் லோகுவுக்கு இடம் இல்லை என்கிறான்.

லோகு தலையை மட்டும் ஆட்டினான்.

குளிப்பாட்ட எடுத்தார்கள். கிடத்தியதுகூடக் கம்பெனியிலிருந்து வந்த தடித்த பலகைதான். அன்பு சொம்பு சொம்பாக ஊற்றினான். லோகு கேட்டண்டை நின்று பார்த்தான். புது வேட்டி கட்டி, விபூதி பூசி முடித்ததும் எதிர்வீட்டு ரோசம்மாள் ஓலத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா, மொட்டையா இருக்குது? துண்டு எங்க? தோள்ல துண்டு இல்லாம கக்கூசுக்குக் கூடப் போனதில்ல அந்த மனுசன்."

"புதுத் துண்டு இருக்கே" என்றார் ஒருவர்.

"அதெல்லாம் அவருக்கு ஒத்துக்காது. அவரு துண்டையே போடுங்க."

அன்பு இடுப்பிலிருந்து சாவியை உருவினான். "ஏஞ்சலின், அந்தக் கவர எடுத்தா."

கவர் வந்தது. அன்பு உள்ளே கைவிட்டுத் துண்டை எடுத்து உதறினான்.

முனையில், வெள்ளையில், பச்சை. நாலு கோடு. ஈரக் கையை அழுத்தித் துடைத்த நாலு விரல். ஒரு விரல் மட்டும் பாதியில் முடிந்திருந்தது. கம்பெனியில் ரோலர் மெஷின் கடித்துத் துண்டாகிப் போன நைனாவின் மோதிர விரல்.

அன்புவின் கை அசையவில்லை. துண்டைக் கொஞ்சம் முகத்தண்டை கொண்டுபோனான். கூலன்டின் அந்தத் தித்திப்பு வாடை அடித்திருக்க வேண்டும். பிறகு தலையைத் திருப்பிக் காரைப் பார்த்தான். அங்கிருந்து கேட்டண்டை நின்ற தம்பியைப் பார்த்தான். லோகு கேட்டில் அடித்த மெஷின் பச்சைப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டியபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாப்பா, கறையா?" ரோசம்மாள் கேட்டாள். "துவைச்சிப் போட்டுருக்கலாம்ல?"

"ஒண்ணும் இல்லக்கா. இருக்கட்டும்."

அன்பு துண்டை மடித்தான். பச்சை உள்ளே போகும்படி ஒரு மடிப்பு. அதற்கு மேல் இன்னொரு மடிப்பு. நைனாவின் தோளில் போட்டு, வழக்கமாக அவர் இழுத்துவிடுவது மாதிரியே முனையை இழுத்துவிட்டான்.

மேளம் எழுந்தது. பாடையைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். பின்பக்கம் இரண்டு பேர் குனிந்துவிட்டார்கள். முன்பக்கம் இடது கழியை அன்பு பிடித்தான். வலது கழியைப் பிடிக்க யாரோ ஒரு பங்காளி வந்தார். அன்பு குறுக்கே கையை நீட்டினான்.

"தூக்குப்பா, நேரமாவுது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அன்பு தூக்கவில்லை. கழியைப் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தான். யாரையும் கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. பங்காளி ஒன்றும் புரியாமல் நகர்ந்துகொண்டார். குணா வந்து லோகுவின் முதுகில் லேசாகக் கைவைத்துத் தள்ளினான்.

லோகு செருப்பைக் கழற்றினான். உதிர்ந்த ரோஜா இதழ்களைத் தாண்டி வந்து வலது கழியின் கீழே தோளைக் கொடுத்தான்.

எழுந்தார்கள். லோகு அண்ணனைவிட ஒரு சாண் குட்டை. பாடை அவன் பக்கம் சரிந்தது. நைனாவின் தலை மெல்ல உருண்டது.

"உன் பக்கம் கனக்குதா?" என்றான் அன்பு, முன்னால் பார்த்தபடி.

"இல்லண்ணா."

அன்பு முழங்காலைக் கொஞ்சம் மடக்கித் தன் பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டான். அப்படியே குனிந்தபடி, தெருக்குழாயையும் காரையும் தாண்டி, தெருமுனை வரைக்கும் நடந்தான்.