உதட்டு நுரை

லிபுஷேயின் பீரைக் குடித்துவிட்டு "பிரமாதம்" என்று சொன்ன நாளிலிருந்து ஏழு வருஷம் ராடோவனின் மேலுதட்டில் நுரை அப்படியே நின்றது. துடைத்தால் துணி நனையும், நுரை குறையாது. செக் நாட்டு மொராவியாவின் லிப்னா ஊரில் இதற்கு யாரும் வாயைப் பிளக்கவில்லை. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் மாதத்தின் முதல் வியாழனன்று ஹினெக்கின் கார் ஷெட்டில் கூடி, ஒருவர் சரக்கை மற்றவர் ருசித்துக் குறை நிறை சொல்வார்கள். அந்த மேஜையில் பொய் சொன்னால் உதட்டில் நுரை நிற்கும். உண்மையைச் சொன்னால்தான் போகும். மேயரின் பீரைப் புகழ்ந்த பல் டாக்டர் ஒரு வாரம் நுரையோடுதான் பல் பிடுங்கினார். அதனால் மற்றவர்கள் "நிறம் நல்லாருக்கு" என்பதோடு சூதானமாக நிறுத்திக்கொள்வார்கள்.

கொதிகலன் பழுதுபார்க்கும் ராடோவனுக்கு அந்தச் சூதானம் கிடையாது. "நனஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம்யா, பாட்டில்ல காத்து பூந்திருக்கு" என்று ஹினெக்கின் முகத்துக்கு நேராகச் சொன்னவர். அப்பேர்ப்பட்டவர், ஆஸ்ட்ராவாவிலிருந்து தபால் நிலைய வேலைக்கு வந்த லிபுஷே தன் முதல் பாட்டிலைத் திறந்து அவர் முகத்தையே பார்த்தபோது, பொய் சொன்னார். பீரில் வெந்த முட்டைக்கோஸ் வாடை. நாக்குக்குத் தெரிந்தது, சொல்லத்தான் மனசு வரவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, லிபுஷேவுக்கு அந்த வாடை தெரியவே இல்லை. நுரையைப் பற்றி அவள் விசாரித்தபோது, "பரம்பரைத் தோல் வியாதிம்மா" என்றார் ஹினெக். அதையும் தெருவில் நின்றுதான் சொன்னார். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவள் ஒரு களிம்பு வாங்கிக் கொடுப்பாள். ராடோவன் அதைத் தடவிக்கொண்டு அடுத்த முட்டைக்கோஸையும் புகழ்வார்.

ஏழாம் வருஷ இலையுதிர்காலத்தில், அதே ஷெட்டு மேஜையில், பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு லிபுஷே சொன்னாள்: "நாளைக்கு வேலைய விடறேன். சேமிப்பு மொத்தத்தையும் போட்டு மதுக்கடை தொறக்கறேன். என் பீர்தான் அங்க. எல்லாம் நீங்க குடுத்த தைரியம், ராடோவன்."

சொன்னால் அவள் போய்விடுவாள், சொல்லாவிட்டால் தெருவுக்கு வந்துவிடுவாள். ராடோவன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முட்டைக்கோஸ் நாத்தம் அடிக்குது, லிபுஷே. மொத நாள்லேருந்தே. கொதிக்கறப்ப அண்டாவ மூடி வெக்கிறீங்க. தொறந்து வெச்சாத்தான் வாடை ஆவியோட போகும்."

நுரை வடிந்து விழுந்தது. வெயில் படாத வெள்ளை உதடு ஒன்று வெளியே வந்தது.

"ஏழு வருஷமா என்னை முட்டைக்கோஸ் தண்ணி காய்ச்ச விட்டியா? களிம்பு வேற வாங்கிக் குடுத்தேனேய்யா! எனக்கு உன்னைப் பிடிக்காது. எப்பவுமே பிடிச்சதில்ல!"

அன்று அவள் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. ஆனாலும் சொல்லி முடித்தபோது அவள் மேலுதட்டில் நுரை பொங்கி நின்றது. ஹினெக் தன் ரொட்டியைக் கவனமாக ஆராயத் தொடங்கினார்.

அந்த வருஷம் அவள் வேலையை விடவில்லை. ஆவி மேலே வருகிறதென்று மாடிவீட்டுக்காரி சண்டைக்கு வந்தும் அண்டாவைத் திறந்தே காய்ச்சினாள். வசந்தத்தில் ராடோவன் ருசித்து "பிரமாதம்" என்றபோது எல்லோரும் அவர் உதட்டைப் பார்த்தார்கள். காய்ந்திருந்தது. மதுக்கடை இப்போது ரயில் நிலையத்துக்கு எதிரே நன்றாக ஓடுகிறது. இருவருக்கும் கல்யாணமாகி வெகுகாலம் ஆயிற்று, கல்யாணப் போட்டோவிலும் அவள் நுரையோடுதான் நிற்கிறாள். "பிடிக்கும்னு ஒரு வார்த்தை சொன்னா போயிருமே" என்று குடிக்க வருகிறவர்கள் சீண்டினால், "இந்த மனுஷன்கிட்டயா? வேற வேலையில்ல" என்பாள். ராடோவன் அவளைக் கேட்டதே இல்லை. காலையில் எழுந்ததும் அவள் உதட்டை ஒருதரம் பார்த்துவிட்டு, பீப்பாய் கழுவப் போவார்.