பூப்போட்டுப் பார்த்த மரம்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டிக் கிடந்த காட்டுக்குள் நுழையும்போது, எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும் என்றார் கன்னியப்பன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மரம் பார்க்கக் கிளம்பியிருந்த கூட்டம் மறுபேச்சில்லாமல் கழற்றியது. நகரத்துக்குள் மிச்சமிருந்த பழைய காட்டுத் துண்டுகளில் இரண்டை அவர்கள் ஏற்கெனவே நடந்து பார்த்திருந்தார்கள். ஒன்று குட்டைக்கரையளவு, இன்னொன்று கல்யாண மண்டபத்தில் வண்டி நிறுத்தும் இடத்து மூலையில் ஒடுங்கிப்போயிருந்தது. இதுதான் பெரியது. கன்னியப்பன் குடும்பத்தின் குலதெய்வமான அய்யனார் இங்கேதான் இருந்தார். இங்கிருந்து சுள்ளி பொறுக்கிக்கூட அந்தக் குடும்பத்தார் அடுப்பெரித்ததில்லை. அதை நாலு பேர் அறியச் சொல்வதற்காகவே, சலவை வேட்டி உடுத்தி, தான் குடியிருக்கும் சாரம் பகுதியிலிருந்து வந்திருந்தார்.

நடையை ஏற்பாடு செய்த கல்லூரி ஆசிரியர் ஜோசப் ஆனந்த், "இந்தக் காடு இன்னும் நிக்கிதுன்னா ஐயா குடும்பத்தாலதான்" என்றார். கன்னியப்பன் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார். அப்போதுதான் கோடாலிச் சத்தம் கேட்டது.

கோயிலுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனுள்ள பாலை மரத்தை இரண்டு ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அடிமரம் பாதிக்குமேல் போயிருந்தது. பக்கத்தில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தவன் அவருடைய தம்பி மகன் இளஞ்செழியன். பெரியப்பாவைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு ஓடிவந்தான்.

"வாங்க பெரியப்பா. ஒரு போன் அடிச்சிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே. பாப்பாவுக்குக் காது குத்தறம் இல்ல, கொட்டா போட எடம் பத்தல." குரலைத் தாழ்த்தினான். "பூப்போட்டுப் பாத்துட்டம். வெள்ளப்பூதான் வந்துச்சி. சாமியே உத்தரவு குடுத்துட்டாரு."

கன்னியப்பனுக்கு வாய்வரை வந்திருந்த கோபம் அங்கேயே நின்றுபோனது. வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பூவைத் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். நிலம் பாகம் பிரிந்தது, மகளைக் கொடுத்தது எல்லாம் அப்படி முடிவானவைதான். அதற்குமேல் அவர் வாய் திறந்ததில்லை. யாரையும் திறக்க விட்டதுமில்லை. ஆனால் இலையை மடிக்கிற கை வீட்டுக்கு மூத்தவருடையதாக இருக்க வேண்டும். மூத்தவர் அவர் உயிரோடு இருக்கும்போதே, அவரைக் கூப்பிடாமல் வேறு எவனோ மடித்திருக்கிறான்.

ஜோசப் ஆனந்த் அருகில் வந்தார். "ஐயா, இது உங்களுக்குத் தெரிஞ்சிதான் நடக்குதா?"

வெறுங்காலோடு நின்றவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். தெரியாது என்றால், சொந்த வீட்டில் தன்னை ஒரு ஆளாக மதிக்கவில்லை என்பது ஊருக்கே தெரிந்துபோகும். இளஞ்செழியன் தலையைக் குனிந்துகொண்டான். வெட்டுகிற ஆட்களும் கோடாலியை நிறுத்தியிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாம எங்க வீட்ல எதுவும் நடக்காது" என்றார் கன்னியப்பன்.

ஜோசப் ஆனந்த் கொஞ்சம் தள்ளி நின்று, திரும்பலாம் என்று மற்றவர்களுக்குக் கைகாட்டினார். வந்தபோது வழியெல்லாம் கேள்வி கேட்டவர்கள், போகும்போது கன்னியப்பனிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இளஞ்செழியன் முகம் தெளிந்துவிட்டது. கோயிலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துவந்து போட்டு, டீ சொல்லியிருப்பதாகச் சொன்னான். கன்னியப்பன் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். ஆட்கள் கயிற்றை இழுத்தார்கள். இன்னும் கொஞ்சம் நேரம் நிற்கலாமா என்பதுபோல் முனகிவிட்டு மரம் மறுபக்கம் சாய்ந்தது. அவர் பிறந்ததிலிருந்து வெயில் பட்டுப் பார்த்திராத தரை சட்டென்று வெளுத்தது. அவர் கண்ணைச் சுருக்கினார்.

பெரியப்பாவை நிழலுக்கு மாற்றி உட்காரவைக்கும்படி இளஞ்செழியன் குரல் கொடுத்தான். ஒரு ஆள் வந்து நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் நகர்த்துவது என்று சுற்றுமுற்றும் பார்த்தபடி நின்றான்.