சின்னங்குடியில் கரையேறியது

பிரபு வந்து சேர்ந்தபோதே வெயில் ஏறிவிட்டது. நன்னிலத்திலிருந்து வருகிற வழியில் டிபன் சாப்பிட நின்றுவிட்டானாம். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவன். சூர்யபிரகாஷின் கல்லூரி நண்பன். வந்ததும் பூம்புகார் கடற்கரையில் லைஃப் ஜாக்கெட்டோடு விதவிதமாக நின்று படம் எடுத்துக்கொண்டான்.

பிரகதீஸ்வரி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் அலைகளின் தலை வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"சூர்யா, வாடைக் காத்து ஏறுதுடா. மதியத்துக்கு மேல இன்னும் கூடும்னு வானிலையில போட்டிருக்கான். இன்னிக்கு வேணாமே."

"அதுக்குள்ள தரங்கம்பாடி போயிடலாம்க்கா. காத்து முதுகுப் பக்கம்தானே, அதுவே தள்ளிட்டுப் போயிடும்" என்றான் தம்பி.

அக்காவும் தம்பியும் இரண்டு வருடமாகக் கயாக் என்கிற துடுப்புப் படகு ஓட்டுகிறவர்கள். ஆனால் ஓட்டியதெல்லாம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள், தட்டில் ஊற்றிய மாதிரி கிடக்கும் தண்ணீரில். திறந்த கடலில் இத்தனை தூரம் போனதில்லை. சூர்யாவின் மனைவி குந்தவைக்கு முத்துப்பேட்டையே நான்கைந்து முறைதான் பழக்கம். அவளையும் பிரபுவையும் இரட்டைக் கயாக்கில் உட்கார வைத்தான் சூர்யா. தான் முன்னால், அக்கா கடைசியில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் எல்லாரும் என்று அவனே சொன்னான்.

அரை மணி நேரம் கூட அந்தப் பேச்சு நிற்கவில்லை.

காற்று பின்பக்கம் இடது தோளில் அடித்தது. ஒவ்வொரு அலையும் படகின் வாலைத் தூக்கிக் கரைப் பக்கம் திருப்பிவிட்டுப் போனது. திருப்பியதை நேராக்குவதற்குள் அடுத்தது வந்தது. இரட்டைப் படகில் முன்னால் குந்தவை துடுப்பை வலதில் போட்டால் பின்னால் பிரபு இடதில் போட்டான். துடுப்போடு துடுப்பு மோதும் சத்தம் பிரகதீஸ்வரிக்குக் கேட்டது.

"பிரபு, அவ போடறதப் பாத்துப் போடுங்க! அதே பக்கம்!"

"போட்டுட்டுத்தான் இருக்கேன்க்கா!"

அவன் போடவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தான். காலையில் சாப்பிட்ட பொங்கல் கடலுக்குப் போனது. அதன் பிறகு குந்தவை தனியாக இரண்டு பேரை இழுத்தாள்.

சூர்யாவின் மஞ்சள் படகு ஒரு அலை மேல் தெரியும், மறுபடி மறையும். ஒவ்வொரு முறையும் சிறியதாகிக்கொண்டே போனது. பிரகதீஸ்வரி விசிலை ஊதினாள். கன்னம் வலிக்கிற வரை ஊதினாள். முன்னால் போகிறவனுக்குக் கேட்கத்தான் இல்லை. திரும்பிப் பார்க்கவுமா தோன்றாது? படகை இழுத்துப் போகிற கயிறும் அவனிடம்தான் இருந்தது. திட்டுவதற்கு வாயில் வந்ததையெல்லாம் உப்புத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினாள்.

"அண்ணி, அவரு எங்க?" குந்தவை கத்தினாள்.

"முன்னாடி போறான். நீ போடு, நிறுத்தாத!"

குந்தவை கணவனைத் தேடி எட்டிப் பார்த்த அந்த நொடியில்தான் படகு பக்கவாட்டில் திரும்பி அலைக்குக் கீழே போனது. கவிழ்ந்த படகின் அடிவயிறு தெரிந்தது. குந்தவையின் தலை ஒரு பக்கம், பிரபுவின் தலை சற்று தள்ளி.

பிரகதீஸ்வரி போய்ச் சேர்ந்து படகின் விளிம்பைப் பிடித்தாள். அவளும் குந்தவையுமாக அதைப் புரட்டிப் போட்டார்கள். குந்தவை மூன்றாவது முயற்சியில் ஏறிக் குப்புற விழுந்தாள். பிரபுவால் முடியவில்லை. கையில் பலம் இல்லாமல் ஒவ்வொரு முறையும் வழுக்கினான். கடைசியில் குந்தவை அவன் ஜாக்கெட்டின் தோள்வாரைப் பிடித்து மூட்டையை இழுப்பதுபோல் இழுத்துப் போட்டாள். அதற்குள் அவனுடைய துடுப்பு எங்கோ போய்விட்டது.

"கரைக்குப் போறோம்" என்றாள் பிரகதீஸ்வரி.

"அவரு நம்மளத் தேடுவாரே அண்ணி."

"தேடுறவனா இருந்தா இந்நேரம் வந்திருக்கணும். போ!"

கரையோரம் அலை உடையும் இடத்தில் இரண்டு படகும் புரண்டன. இடுப்பளவுத் தண்ணீரில் உருண்டு எழுந்து மணலுக்கு வந்தார்கள். பிரகதீஸ்வரியின் படகு மட்டும் கரையோரக் கருங்கல்லில் மோதி முன்பக்கம் பிளந்துகிடந்தது.

அது சின்னங்குடி. மணலில் கருவாடு காயப்போட்டிருந்த ஒரு பெண் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். எல்லையம்மாள் என்று பேர் சொன்னாள். பிரபு செம்பு செம்பாகக் குடித்துவிட்டு அப்படியே மல்லாந்தான்.

பிரகதீஸ்வரி பிளாஸ்டிக் உறையிலிருந்து போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தாள். ரிங் போனது; எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். 'எடுடா, எடுத்துத் தொலை.' பத்தாவது தடவையோ என்னவோ, திட்டுவது நின்றுபோனது. குந்தவை தெற்கே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லையம்மாளின் தம்பி மனோகரன் வலையை விட்டுவிட்டு வந்தான். "இந்தக் காத்துல நாங்களே தொழிலுக்குப் போவல. நீங்க எதுக்குங்க?" என்று எரிச்சலாகக் கேட்டான். கேட்டுக்கொண்டே தெற்கே குட்டியாண்டியூருக்குப் போன் போட்டான். மஞ்சள் படகு எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை என்றார்கள்.

முதலில் பார்த்தது குந்தவைதான். தெற்கே அல்ல, நேர் எதிரே, வெகு தூரத்தில், மஞ்சளாக ஒரு புள்ளி வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காற்றுக்கு எதிராக. அலை தூக்கும்போதெல்லாம் நின்ற இடத்திலேயே நின்றது.

"அவரு திரும்பி வந்துட்டாரு அண்ணி. நம்மளத் தாண்டிப் போறாரு."

பிரபுவும் எழுந்துகொள்ள, மூவரும் கத்தினார்கள். எல்லையம்மாள் சேலைத் துணி ஒன்றை வீசிக் காட்டினாள். புள்ளி போய்க்கொண்டே இருந்தது. மனோகரன் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி ஃபைபர் படகைத் தள்ளினான்.

சூர்யாவை ஏற்றிக்கொண்டு வந்தபோது அவனால் இறங்கி நிற்க முடியவில்லை. உதடு நீலமாக இருந்தது. கையில் பிரபுவின் துடுப்பைப் பிடித்திருந்தான். குந்தவை ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவன் அவளைப் பார்த்தான், பிரபுவைப் பார்த்தான், பிறகு அக்காவிடம் திரும்பினான்.

"எங்கக்கா போய்த் தொலைஞ்சீங்க? துடுப்பு தனியா மிதந்து வருது! செத்துட்டீங்கன்னு நெனச்சேன்!"

"நீ எங்கடா போய்த் தொலைஞ்ச? விசில் ஊதி ஊதி நெஞ்சு அடைச்சுது. ஒரு தடவ திரும்பிப் பாத்தியா?"

"அலையில கழுத்தத் திருப்புனா நானே கவுந்துருவேன். கரையேறுறதுக்கு முன்னாடி காத்திருந்திருக்கலாம்ல?"

"யாருக்காக? ஒருத்தன் வாந்தி, ஒருத்தி தண்ணியில. காத்திருக்கணுமாம்! போன எடுத்தியா நீ?"

"பைக்குள்ள இருந்துச்சு!"

"பைக்குள்ள!"

"ரெண்டு பேரும் வாய மூடுறீங்களா?" என்றாள் குந்தவை. கத்தவில்லை. "ரெண்டு பேரும் கேப்டனு. நடுவுல முங்குனது நானு."

மனோகரன் பிடித்துக் கொடுத்த மினி லாரியில் படகுகளை ஏற்றினார்கள். ஆக்கூர் தாண்டி, அறுப்பு மிஷின் ஒன்று சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. அதன் பின்னாலேயே ஊர்ந்து மயிலாடுதுறை வந்தார்கள். பூம்புகாரில் நிற்கும் காரை எடுத்து வருகிறேன், சேர்ந்து போகலாம் என்றான் சூர்யா. பிரகதீஸ்வரி பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொண்டாள்.

தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது சூர்யா வெளியே வந்து நின்றான்.

"ரொம்பப் பயந்துட்டேன்க்கா."

"நானுந்தான்" என்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "காலையிலேயே வேணாம்னேன்."

"ஆமா. சொன்ன."

இதற்கு மேல் அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவனும் அவள் சொல்வாளென்று நின்றிருக்கலாம். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினாள், தோள் எழவில்லை. குத்தாலம் வருகிற வரை அவனுக்குச் சொல்ல வேண்டியவற்றை மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.